கட்டைக்காலில் நின்ற கடை

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். கொடுத்திருப்பது ஐந்து நிமிடம். மற்ற வணக்கங்களைத் தனித்தனியாக வீட்டுக்கு வந்து வைக்கிறேன்.

'பழைய பாணியை எடுத்து வரையும் இன்றைய ஓவியர்கள் படைப்பாளிகளா, நகலெடுப்பவர்களா?' நான் படைப்பாளிகள் கட்சி. சற்றுமுன் எதிரணிப் பேராசிரியர், கலிபோர்னிய ஓவியர் ஷாக்கைப் பிடித்து ஒரு குத்து விட்டார்: “பாட்டி சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை போட்டவன் நெசவாளி ஆகிவிடுவானா?” நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், மறைப்பானேன்.

ஷாக்கின் இயற்பெயர் ஜாஷ் ஏகில், பிறந்தது 1962. ஆங்கிலத்தில் பெயரின் கடைசி இரண்டு எழுத்து, குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்து, சேர்த்தால் ஷாக். பெயரையே வெட்டி ஒட்டியவர்! இதற்குப் பேராசிரியருக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். படங்களில் ஒல்லி ஒல்லியான மனிதர்கள், சிலருக்குத் தோலே பச்சை. 1960-களின் சோபா, கையில் கிளாஸ், பின்னால் பல்லைக் காட்டி நிற்கும் டிக்கி சிலை. டிக்கி என்றால் பசிபிக் கடலின் பாலினீசியத் தீவுகளில் மனித உருவில் செதுக்குவது. அதனால் இவர் அந்தத் தீவுகளில் ஒன்றான தஹிதியைக் காப்பியடிக்கிறார் என்கிறார்கள். ஐயா, இவர் வரைவது தஹிதியை அல்ல, தஹிதி மாதிரி வேஷம் போட்ட அமெரிக்க மதுக்கடையை!

அந்தக் கடைக்கு ஒரு கதை இருக்கிறது. விக்டர் பெர்ஜரான் என்று ஒருவர். சிறுவயதில் காசநோய் வந்து ஒரு காலை எடுத்துவிட்டார்கள். 1934-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் சின்னதாக ஒரு கடை போட்டார். ஹாலிவுட்டில் டான் என்பவர் மூங்கிலும் ஓலையுமாக ஒரு தென்கடல் மதுக்கடை நடத்தினார். அதைப் பார்த்துவிட்டு வந்து, இவரும் தன் கடையைத் தீவாக மாற்றிவிட்டார். கடை பெயர் ட்ரேடர் விக்ஸ். இப்போது வாடிக்கையாளர் வருகிறார். “கால் என்னங்க ஆச்சு?” விக் அசராமல், “சுறா தின்னுடுச்சு.” வந்தவர் வாயைப் பிளக்கிறார். விக் ஐஸ் உடைக்கிற குத்தூசியை எடுக்கிறார். தன் தொடையிலேயே ஓங்கி ஒரு குத்து! வந்தவர் கிளாஸ் எங்கே, வந்தவர் எங்கே! விக் சிரிக்கிறார். கட்டைக்கால்!

பின்வரிசையில் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன். சுறா பொய். தீவு பொய். ஓக்லாந்தில் ஏது தென்னந்தோப்பு? கடையின் யோசனைகூட அடுத்தவருடையது. 'மாய் டாய்' பானத்தைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பிற்பாடு இரண்டு பேரும் சண்டை வேறு போட்டார்கள். எல்லாம் பொய் ஐயா, கால் உட்பட. ஆனால் அந்தக் காலில்தானே மனுஷன் நின்றார்? நின்று, ஊர் ஊராகக் கடை திறந்தாரே!

(நடுவர் மணியைத் தொடுகிறார். ஐயா, தொடுங்கள், அடிக்காதீர்கள்.)

அப்புறம், எதிரணித் தங்கை ஒன்று கேட்டார். ஹவாயும் பாலினீசியாதான். அங்கே 1819-ல் பழைய சமயம் கைவிடப்பட்டபோது சிலைகளை எரித்தார்கள். கூ என்ற தெய்வத்தின் பெரிய கோயில் சிலைகளில் மூன்றுதான் மிச்சம். அதில் இரண்டு கடல் தாண்டி லண்டனிலும் சேலத்திலும் இருக்கின்றன. நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். அப்படிப்பட்ட சாமி முகத்தை மது ஊற்றும் குவளையாக்கினால் அந்த மண்ணின் மக்களுக்கு வலிக்காதா என்றார். வலிக்கும்மா. இதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

ஆனால் பேராசிரியரே, உங்கள் சேலைக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் 'டிக்கி அறை' என்ற காட்சிக்கூடம் திறந்தது 1963-ல். அப்போது ஷாக் கைக்குழந்தை. 2003-ல் அதன் 40-ஆம் ஆண்டுக்கு டிஸ்னிலேண்ட்காரர்கள் வரையச் சொன்னது இவரைத்தான். அவர் திரும்பத் திரும்ப வரையும் அந்த விருந்து, அவர் தொட்டிலில் கிடந்தபோது பெரியவர்கள் கொண்டாடியது. அவருக்கு அழைப்பே கிடையாது. கதவிடுக்கு வழியாகச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும், பாருங்கள், அதைத்தான் அவர் வரைகிறார் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டு ஜன்னலில் நிஜமாகவே பாட்டி சேலைதான் திரை. அரக்கு நிறச் சுங்குடி. நான் தூளியாடியதும் அதில்தான். கிழித்துத் தைத்தது என் அம்மா. அம்மாவுக்குத் தறி தெரியாது, நெசவாளி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெற்றிலைக் கறை. தைக்கும்போது அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். அம்மா கேட்கவில்லை, கறை வெளியே தெரிகிற மாதிரியே மடித்துத் தைத்தார். இன்றைக்கும் அந்தத் திரையை மட்டும் வாஷிங் மெஷினில் போட விடமாட்டார். கையால்தான் அலசுவார், கறையைத் தேய்க்காமல்.

மணி அடித்துவிட்டது. உட்காருகிறேன்.