அலமோவைத் தெரியும், செகீனைத் தெரியுமா?

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள். ஹூஸ்டன் நகர மையத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், அடுத்த சிக்னலில் தெருப்பெயர்ப் பலகையைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். ட்ராவிஸ், மைலம், ஃபானின், சான் ஜசின்டோ, ரஸ்க், லமார். தினமும் கடந்து போகிறோம், யார் இவர்கள் என்று கேட்பதில்லை. எல்லாமே ஒரே போரோடு தொடர்புள்ள பெயர்கள். 1835 அக்டோபரில் தொடங்கி 1836 ஏப்ரலில் முடிந்த போர். டெக்சஸ், மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனி நாடாவதற்காக நடந்த போர். மொத்தம் ஏழு மாதம்கூட இல்லை.

மெடிக்கல் சென்டருக்குப் போகிறவர்களுக்கு ஃபானின் தெருவை நன்றாகத் தெரியும். அந்த ஜேம்ஸ் ஃபானின், கோலியட் என்ற ஊர்க் கோட்டையில் நானூறு பேருக்கு மேல் வைத்திருந்த தளபதி. சான் அன்டோனியோவின் அலமோ கோட்டையில் டெக்சஸ் தளபதி ட்ராவிஸ் மெக்சிகோப் படையின் முற்றுகையில் சிக்கிக்கொண்டு உதவி கேட்டு ஆள் அனுப்பியபோது, இவர் கிளம்பினார். கிளம்பிய சிறிது தூரத்திலேயே வண்டிகள் உடைந்தன. திரும்பிவிட்டார். பிறகு கோலியட்டை விட்டுப் பின்வாங்கும்போது, கொலேட்டோ ஓடைக்குப் பக்கத்தில் தண்ணீர்கூட இல்லாத வெட்டவெளியில் மெக்சிகோப் படை சூழ்ந்துகொண்டது. சரணடைந்தார். ஒரு வாரம் கழித்து, 1836 மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு அன்று, கைதிகள் 340 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உத்தரவு கொடுத்தவர் மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னா. பிரான்சிஸ்கா அல்வாரஸ் என்ற மெக்சிகோப் பெண்மணி தன்னால் முடிந்த சிலரைக் காப்பாற்றினார். கோலியட்டின் தேவதை என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள்.

அலமோவில் இறந்தவர்களைவிடக் கோலியட்டில் இறந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கூட்டம் எங்கே போகிறது? அலமோவுக்கு. நான் இன்றைக்குப் பேச வந்தது இதைத்தான். போர் ஒன்று, ஆனால் அதில் யாரை நினைக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

முதலில் போர் எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய டெக்சஸ், மெக்சிகோவின் வடக்குக் கோடி. எல்லைப்புறம். குடிமக்கள் குறைவு, கொமாஞ்சி பழங்குடியினரோடு ஓயாத சண்டை. நிலம் தருகிறோம், வந்து குடியேறுங்கள் என்று அமெரிக்கர்களை அழைத்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை, அடிமைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மெக்சிகோ 1829-இல் அடிமை முறையை ஒழித்தது. டெக்சஸுக்கு விலக்குக் கிடைத்தாலும் பயம் போகவில்லை. 1830-இல் இனி அமெரிக்கர்கள் வரக்கூடாது என்று சட்டம். அப்புறம் சாண்டா அன்னா, மாநிலங்களுக்கு உரிமை கொடுத்த 1824 அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்தார். டெக்சஸ் மட்டும் கிளம்பவில்லை, சகாடெகாஸ் மாநிலமும் எதிர்த்தது, அதை 1835 மே மாதம் நசுக்கினார். ஆகவே இது கொடுங்கோலனை எதிர்த்த போரும்தான், அடிமைகளை வைத்துக்கொள்வதற்கான போரும்தான். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

முதல் குண்டு வெடித்தது கொன்சாலஸில். ஐ-10 சாலையில் சான் அன்டோனியோ போகும்போது லூலிங் புக்-ஈஸ் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தாத தமிழ்க் குடும்பம் உண்டா? அங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை அந்த ஊர். கொமாஞ்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள 1831-இல் மெக்சிகோ அரசு ஊருக்கு ஒரு சின்ன பீரங்கி கொடுத்திருந்தது. 1835-இல் திருப்பிக் கொடு என்றது. ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? மேயர் ஊரில் இல்லை, அவர் வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நாம் கேட்கிற அதே பதில்தான். அந்த இடைவெளியில் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் சேர்த்துவிட்டார்கள். வெள்ளைத் துணியில் பீரங்கிப் படம் வரைந்து, 'வந்து எடுத்துக்கொள்' என்று எழுதிக் கொடியாகப் பிடித்தார்கள். லாரிகளின் பின்கண்ணாடியிலும் டி-ஷர்ட்டிலும் இன்றைக்கும் பார்க்கிறோமே, அதே வாசகம்தான். அக்டோபர் 2 காலையில் நடந்த சண்டையில் டெக்சஸ் பக்கத்தின் பெரிய காயம், ஒருவர் குதிரையிலிருந்து விழுந்து மூக்கில் ரத்தம் வந்ததுதான் என்று சொல்வார்கள்.

சரி, அலமோவுக்கு வருவோம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் நாம் எல்லோரும் ஒரே பாதையில்தான் கூட்டிப் போகிறோம். நாசா, அப்புறம் சான் அன்டோனியோ ரிவர் வாக், அங்கே படகு, அப்படியே நடந்து அலமோ. என் மாமனார் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, நம்ம ஊர்ச் சத்திரம் அளவுகூட இல்லையே, இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் பார்ப்பது அந்த வளாகத்தின் தேவாலயமும் ஒரு நீளக் கட்டடமும் மட்டும்தான். மதில்கள் எல்லாம் போய்விட்டன. போர் நடந்த இடத்தின் பெரும்பகுதியில்தான் நாம் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, அந்த முகப்பின் மேலே வளைந்து நிற்கிறதே ஒரு திமில், எல்லாக் காந்தப் பொம்மையிலும் காபிக் கோப்பையிலும் இருக்கிறதே, அது போரின்போது கிடையாது. 1850-இல் அமெரிக்க ராணுவம் கட்டியது. ட்ராவிஸ் வாளால் தரையில் கோடு கிழித்து, என்னோடு சாகத் தயாராக இருப்பவர்கள் தாண்டி வாருங்கள் என்றாராம். அந்தக் கதையும் முதலில் அச்சில் வந்தது 1873-இல், 37 வருடம் கழித்து. இப்படி நினைவு என்பது பின்னாலிருந்து கட்டிக்கொண்டே வருகிற சமாச்சாரம்.

நடந்தது என்னவென்றால், பிப்ரவரி 23 தொடங்கி 13 நாள் முற்றுகை. மார்ச் 6 விடியுமுன் தாக்குதல். உள்ளே இருந்து போரிட்ட இருநூறு பேர் அளவில் இறந்தார்கள். ட்ராவிஸ், போவி, க்ராக்கெட் மூன்று பேரையும் பிள்ளைகள் நாலாம் வகுப்பில் படிக்கிறார்கள், ஏழாம் வகுப்பில் மறுபடி படிக்கிறார்கள். ஆகவே அவர்களை நான் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது கிரிகோரியோ எஸ்பார்சாவை. சான் அன்டோனியோவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஸ்பானிய மொழி பேசுகிறவர். தெஹானோ என்பார்கள், டெக்சஸ் மண்ணின் மெக்சிகோக்காரர். மனைவி, குழந்தைகளோடு அலமோவுக்குள் போனார். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான பிரான்சிஸ்கோ இருந்தது மெக்சிகோப் படையில். ஒரே வீடு, இரண்டு பக்கம். கிரிகோரியோ பீரங்கி அருகே இறந்தார். மனைவியையும் குழந்தைகளையும் மெக்சிகோப் படையினர் உயிரோடு விட்டுவிட்டார்கள். இறந்தவர்களை அடுக்கி எரிக்கச் சொன்னார் சாண்டா அன்னா. பிரான்சிஸ்கோ மெக்சிகோத் தளபதி கோஸிடம் போய் அனுமதி கேட்டு, பிணக்குவியலில் தேடிச் சகோதரனை எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்தார். உள்ளே போரிட்டு இறந்தவர்களில் முறையான அடக்கம் கிடைத்தது இந்த ஒருவருக்குத்தான். அதைச் செய்தது எதிரிப் படையில் இருந்த உடன்பிறப்பு.

மற்றவர்களின் சாம்பல் ஒரு வருடம் அப்படியே கிடந்தது. அதைத் திரட்டி, பெட்டியில் வைத்து, 1837 பிப்ரவரியில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தவர் ஹுவான் செகீன். ஐ-10-இல் சான் அன்டோனியோவுக்குக் கொஞ்சம் முன்னால் செகீன் என்று ஊர் வருமே, அவர் பெயர்தான். இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தயாரிப்பாளர் இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார்.

செகீனும் சான் அன்டோனியோக்காரர், 1806-இல் பிறந்தவர். முற்றுகையின் தொடக்கத்தில் அலமோவுக்குள்தான் இருந்தார். வழியும் தெரியும், ஸ்பானிய மொழியும் தெரியும் என்பதால், உதவி கேட்டு வெளியே அனுப்பப்பட்டார். அதனால் உயிர் பிழைத்தார். கடைசிப் போர் சான் ஜசின்டோவில். அங்கே டெக்சஸ் படைத் தலைவர் சாம் ஹூஸ்டன் இவருடைய தெஹானோ வீரர்களை முகாமைக் காக்கச் சொன்னார், நம் ஆட்களே எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்று. செகீன் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் எங்கள் ஆட்கள் செத்திருக்கிறார்கள், நாங்கள் மூட்டை முடிச்சுக்குக் காவலா? கடைசியில், அடையாளத்துக்குத் தொப்பியில் அட்டைத் துண்டு செருகிக்கொண்டு போரிட்டார்கள். நேயர்களே, இதை இன்னொரு தடவை சொல்கிறேன். தன் நாட்டுக்காகப் போரிடும்போது, நான் உன் ஆள் என்று காட்டத் தொப்பியில் அட்டை செருக வேண்டியிருந்தது.

வெற்றிக்குப் பிறகு டெக்சஸ் தனி நாட்டின் செனட்டர் ஆனார். ஆங்கிலம் சரளமாக வராது, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார். 1841-இல் சான் அன்டோனியோ மேயர். ஆனால் புதிதாக வந்து குவிந்தவர்களுக்கு, செகீன் என்றால் இன்னொரு மெக்சிகோக்காரன், அவ்வளவுதான். மெக்சிகோவுக்கு உளவு சொல்கிறான் என்று பேச்சு கிளம்பியது, மிரட்டல் வந்தது. 1842-இல் பதவியை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மெக்சிகோவுக்கே ஓடினார். அங்கே வரவேற்றார்களா? சிறைக்குப் போகிறாயா, படையில் சேர்கிறாயா என்றார்கள். அதே ஆண்டு மெக்சிகோப் படை சான் அன்டோனியோவைத் தாக்கியபோது அந்தப் பக்கத்தில் செகீன் நின்றார். துரோகி என்று முத்திரை விழுந்தது. பிறந்த மண்ணிலேயே அந்நியனாகிவிட்டேன் என்று 1858-இல் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். 1890-இல் எல்லைக்கு அந்தப்பக்கம் நுவேவோ லரேடோவில் இறந்தார். 1970-களில்தான் எலும்புகளைக் கொண்டுவந்து செகீன் ஊரில் அடக்கம் செய்தார்கள், 1976 ஜூலை 4 அன்று.

ஒரு தகவல் சொல்கிறேன், நீங்களே யோசியுங்கள். செகீன் மேயர் பதவியை விட்ட 1842-க்குப் பிறகு, மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் சான் அன்டோனியோவுக்கு மேயரானது 1981-இல், ஹென்ரி சிஸ்னெரோஸ். 139 வருடம்.

இன்னும் ஜோ இருக்கிறார், அவரை விடக்கூடாது. ட்ராவிஸின் அடிமை. அலமோவுக்குள் எஜமானோடு நின்றவர், பிழைத்தவர். கடைசி நேரம் எப்படி இருந்தது என்று டெக்சஸ் அமைச்சரவை முன்னால் வந்து சாட்சி சொன்னார், கேட்டவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு ட்ராவிஸின் சொத்தோடு சேர்த்து அவரையும் திருப்பிக் கொடுத்தார்கள். விடுதலை பெற்ற நாட்டின் அரசியல் சட்டம் அடிமை முறையைக் காத்தது. 1837 ஏப்ரல் 21, சான் ஜசின்டோ வெற்றி நாளின் முதல் ஆண்டு விழா. அன்றைக்கு ஜோ இரண்டு குதிரைகளோடு ஓடிவிட்டார். பிடித்துக் கொடுத்தால் 50 டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம்.

மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்று கை காட்டுகிறார்கள். உண்மையில் நான் அதிகம் பேசத் திட்டமிட்டு வந்தது சான் ஜசின்டோவைப் பற்றித்தான். சரி, அந்தப் போரே 18 நிமிடத்தில் முடிந்தது. 1836 ஏப்ரல் 21 பிற்பகல், மெக்சிகோ முகாம் ஓய்வில் இருந்த நேரம். ஹூஸ்டனிடம் சுமார் 900 பேர், எதிரே 1,200-க்கு மேல். 'அலமோவை நினை, கோலியட்டை நினை' என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். டெக்சஸ் பக்கம் இறந்தவர்கள் 9 பேர். மெக்சிகோ பக்கம், ஹூஸ்டன் எழுதிய அறிக்கைப்படி, 630 பேர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18 நிமிடத்துக்குப் பிறகு நடந்தது போர் இல்லை, சதுப்பில் ஓடியவர்களையும் கையைத் தூக்கியவர்களையும் கொன்றார்கள். மறுநாள் சாண்டா அன்னா சாதாரணச் சிப்பாய் உடையில் பிடிபட்டார், கைதிகளே "எல் பிரெசிடென்டே", அதாவது அதிபர், என்று எழுந்து நின்று காட்டிக்கொடுத்துவிட்டார்கள். இறந்த மெக்சிகோ வீரர்களை யாரும் புதைக்கவில்லை. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரி பெகி மெக்கார்மிக் வந்து கேட்டும் பயனில்லை.

அந்த இடம் ஹூஸ்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 567 அடி உயரத் தூண், உச்சியில் நட்சத்திரம். மாமனார் மாமியார் அடுத்த தடவை வரும்போது நாசாவுக்குப் போகிற நாளிலேயே போய்விட்டு வரலாம், மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது. கொன்சாலஸில் அக்டோபர் முதல் வாரக் கடைசியில் பீரங்கித் திருவிழா. கோலியட்டில் மார்ச் மாதக் கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமையை நடித்துக் காட்டுகிறார்கள், அதற்குக் கொஞ்சம் பெரிய பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். செகீன் ஊரில் அவருடைய குதிரைச் சிலையும் இருக்கிறது, ஐ-10-ஐ விட்டு இறங்கினால் போதும்... விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.