ஓடிபி வரலையா? அவசரப்பட்டு டெம்பரரி நம்பர் பக்கம் போயிடாதீங்க

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா, இன்னைக்கு வீடியோ கொஞ்சம் பெருசாத்தான் போகும், ஏன்னா போன வாரம் எங்க பெரியப்பாவுக்கு நடந்த ஒரு விஷயத்துல இருந்துதான் இத பேசணும்னே தோணுச்சு.

பெரியப்பா ரயில்வேல ரிட்டயர்டு ஆனவரு. நவம்பர் மாசம் வந்தா பென்ஷனுக்காக லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும் இல்லையா, ஜீவன் பிரமாண்னு, இப்பல்லாம் போன்லயே முகத்த காட்டி முடிச்சிடலாம். ஆனா நடுவுல மொபைல் நம்பருக்கு ஓடிபி வரும், அத போட்டாத்தான் அடுத்த பக்கம் போகும். அவரு காலைல பத்து மணிக்கு ஒரு பிரவுசிங் சென்டர் போய் உக்காந்திருக்காரு, மதியம் ஒன்றரை வரைக்கும் ஓடிபி வரல. எட்டு தடவ கேட்டாச்சு. கடைசில அங்க இருந்த ஒரு பையன் "ஐயா, நெட்ல சும்மா கெடைக்கிற நம்பர் ஒண்ணு போட்டு முடிச்சிடலாம், ஓடிபி நம்மளே பாத்துக்கலாம்"னு சொல்லிருக்கான். நல்லவேளை பெரியப்பா எனக்கு போன் போட்டு "ஏப்பா, இவன் ஏதோ நம்பர் போடலாங்கறான், போடலாமா"ன்னு கேட்டாரு. வேணாம் பெரியப்பா, எந்திரிச்சு வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டேன்.

வந்ததும் நான் கேட்ட மொத கேள்வி, "பெரியப்பா, சமீபத்துல சிம்ல ஏதாவது கை வச்சீங்களா?" "ஆமாப்பா, நேத்து சாயங்காலம் சிம் பழுதாயிடுச்சுன்னு அதே நம்பர்ல புது சிம் வாங்கிட்டு வந்தேன்"ங்கறாரு. அவ்ளோதான், காரணம் அங்கயே கெடச்சிருச்சு. சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் வராது, போகவும் போகாது, கால் மட்டும் வரும். 2022ல தொலைத்தொடர்பு துறை கொண்டு வந்த ரூல் இது. சிம் குடுத்த கடைல ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த மனுஷன் மூணரை மணி நேரம் பசியோட உக்காந்திருக்க வேண்டாம். எனக்கு அதுலதான் ரொம்ப வருத்தம். ஆனா ரூல் நல்ல ரூல் மக்களே, அத கொற சொல்ல மாட்டேன். உங்க நம்பர்ல எவனோ டூப்ளிகேட் சிம் வாங்கிட்டான்னு வைங்க, அவன் மொதல்ல பண்றது உங்க பேங்க் ஓடிபிய எடுக்கறதுதான். இந்த 24 மணி நேரத்துல உங்க பழைய சிம்ல சிக்னல் போயிருக்கும், நீங்க ஓடிப்போய் கம்ப்ளெயின்ட் பண்ண டைம் இருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து, சிம் மாத்தின 7 நாளைக்கு வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணவும் முடியாதுன்னு வச்சிட்டாங்க, அதுவும் இதே காரணந்தான்.

சரி, சிம் மாத்தலைங்க, இருந்தாலும் ஓடிபி வரலைன்னா? அதுக்கு ஓடிபி எப்படி வருதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். நீங்க பட்டன அமுக்குறீங்க, அந்த ஆப் கம்பெனி நேரா உங்க போனுக்கு அனுப்பாது, மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பற ஒரு கம்பெனிகிட்ட குடுக்கும், அவங்க உங்க சிம் கம்பெனிகிட்ட குடுப்பாங்க, நடுவுல டிஎல்டின்னு ஒரு செக்கிங் இருக்கு. அனுப்பறவங்க பேரு, அந்த மெசேஜோட வாசகம் ரெண்டும் முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும், வாசகம் மாறிச்சுன்னா மெசேஜ் நடு வழிலயே நின்னுரும், உங்க போனுக்கு வரவே வராது. 2021 மார்ச் 8 ஞாபகம் இருக்கா? அன்னைக்குத்தான் இந்த செக்கிங்க முழுசா ஆன் பண்ணாங்க, நெறைய கம்பெனிங்க ஒழுங்கா ரிஜிஸ்டர் பண்ணாம விட்டதால நாடு முழுக்க பேங்க் ஓடிபி, ஆதார் ஓடிபி, தடுப்பூசி புக்கிங் ஓடிபி எல்லாம் நின்னு போச்சு. மறுநாளே ட்ராய், அதாவது சிம் கம்பெனிங்கள ஒழுங்குபடுத்தற ஆணையம், அத 7 நாளைக்கு நிறுத்தி வச்சாங்க. அன்னைக்கு எத்தன பேரு போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, சிம்ம கழட்டி தொடச்சி மாட்டிருப்பாங்க, தப்பு அவங்க கைல இல்லவே இல்ல. அதனால ஒரே ஒரு ஆப்ல இருந்து மட்டும் வரல, மத்ததுல இருந்தெல்லாம் வருதுன்னா உங்க போன போட்டு ஒடைக்காதீங்க, கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம். எதுலருந்துமே வரலைன்னா அப்ப உங்க பக்கம் பாருங்க.

உங்க பக்கம்னா மொதல்ல இத பாருங்க, இதோ ஸ்க்ரீன்ல காட்டறேன், ஓடிபி அனுப்பிட்டோம்னு சொல்ற பக்கத்துல எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு போட்டு கடைசி சில நம்பர் மட்டும் காட்டும் பாருங்க, அது உங்க நம்பர்தானா? சிரிக்காதீங்க, என்கிட்ட கேட்டவங்கள்ல பாதி பேருக்கு இங்கதான் விஷயம் இருந்துச்சு. ஆதார்ல நாலஞ்சு வருஷம் முன்னாடி குடுத்த பழைய நம்பர் அப்படியே கெடக்கும், அவங்க கைல வேற நம்பர் இருக்கும், எவ்ளோ நேரம் காத்திருந்தாலும் வராது.

அடுத்து, மெசேஜ் வந்திருக்கும், உங்க கண்ணுல பட்டிருக்காது. ஆண்ட்ராய்டுல மெசேஜஸ் ஆப்ல ஸ்பேம் அண்ட் ப்ளாக்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுக்குள்ள போய் பாருங்க. ஐபோன்ல ஃபில்டர் ஆன் ஆகி தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கும். வேற ஏதாவது காலர் ஐடி ஆப் போட்டு, அது "என்ன டிஃபால்ட்டா வச்சுக்கோ"ன்னு கேட்டப்ப ஓகே குடுத்திருந்தீங்கன்னா மெசேஜ் எல்லாம் அந்த ஆப்லதான் வந்து கெடக்கும். அப்புறம் டெலிகிராம், இத நெறைய பேரு எஸ்எம்எஸ்னு நெனச்சு காத்துட்டே இருக்காங்க, உங்க டெலிகிராம் வேற போன்லயோ லேப்டாப்லயோ ஏற்கனவே ஓபன்ல இருந்தா கோட் அந்த டெலிகிராமுக்குள்ளயே மெசேஜா வரும், எஸ்எம்எஸ்ஸா வராது, பழைய போன எடுத்துப் பாருங்க.

அடுத்து ஏரோப்ளேன் மோட். இது கை வைத்தியம் மாதிரி தெரியும், ஆனா காரணம் இருக்கு. உங்க போன் கிடைக்கலைன்னா மெசேஜ் சிம் கம்பெனியோட சென்டர்ல காத்துட்டு நிக்கும். ஏரோப்ளேன் மோட் போட்டு அரை நிமிஷம் கழிச்சு எடுத்தா போன் மறுபடியும் டவர்கிட்ட "நான் வந்துட்டேன்"னு பதிவு பண்ணும், நின்ன மெசேஜ் எல்லாம் வரிசையா வந்து விழும். பேக் முடிஞ்சிருச்சான்னும் பாருங்க, ரீசார்ஜ் பண்ணாம விட்டா மொதல்ல அவுட்கோயிங் போகும், கொஞ்ச நாள்ல இன்கமிங்கும் போயிடும்.

டிஎன்டி, அதாவது விளம்பரம் வேணாம்னு பதிவு பண்றது, அத போட்டிருக்கேன் அதனாலதான் வரலயான்னு கேக்கறீங்க, இல்ல, 1909ல டிஎன்டி போட்டா விளம்பரம்தான் நிக்கும், ஓடிபி நிக்காது.

இன்னொண்ணு, மறுபடி அனுப்பச் சொல்ற ரீசெண்ட் பட்டன டக்கு டக்குன்னு அமுக்காதீங்க, தயவுசெஞ்சு. புதுசா ஒண்ணு கேட்டவுடனே பெரும்பாலும் பழைய ஓடிபி செத்துப் போச்சு. லேட்டா வந்து விழுற மெசேஜ்ல மொதல்ல வர்றது கடைசியா கேட்டதுதான்னு எந்த உத்தரவாதமும் இல்ல, நீங்க பழசப் போட்டு தப்புன்னு வந்து மறுபடி கேட்டு, அப்படியே போனா அந்த ஆப் உங்கள பல மணி நேரத்துக்கு ப்ளாக் பண்ணி வச்சிரும். ஒரு தடவ கேளுங்க, அஞ்சு நிமிஷம் போன கீழ வைங்க.

வந்த மெசேஜ் நிஜமானதான்னும் ஒரு பார்வ பாத்துக்கோங்க. அனுப்பறவங்க பேருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து இருக்கும், மொத எழுத்து எந்த சிம் கம்பெனி, ரெண்டாவது எந்த ஏரியா. 2025ல இருந்து கடைசிலயும் ஒரு எழுத்து வருது, பி (P) போட்டிருந்தா விளம்பரம், எஸ் (S) போட்டிருந்தா சர்வீஸ், டி (T) போட்டிருந்தா ட்ரான்ஸாக்‌ஷன், ஜி (G) போட்டிருந்தா கவர்மென்ட். பத்து இலக்க சாதா நம்பர்ல இருந்து பேங்க் பேர்ல மெசேஜ் வந்தா அத தொடவே தொடாதீங்க.

ஒரு நிமிஷம், வெளில குக்கர் விசில் அடிக்குது... சரி.

இப்ப அந்தப் பையன் சொன்ன நம்பருக்கு வர்றேன். நெட்ல சும்மா கெடைக்கிற நம்பர்னா என்னன்னா, ஒரு வெப்சைட்ல பத்து இருபது நம்பர் போட்டிருப்பாங்க, எதையாவது கிளிக் பண்ணா அந்த நம்பருக்கு வந்த மெசேஜ் எல்லாம் அங்கயே ஓபனா தெரியும். உங்களுக்கு மட்டும் இல்ல, உலகத்துல யாரு அந்தப் பக்கத்த தொறந்தாலும் தெரியும். நானும் ஒரு காலத்துல யூஸ் பண்ணேன், மறைக்க மாட்டேன். பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்ல என் சொந்த நம்பர் வேணாமேன்னு இப்படி ஒரு நம்பர் போட்டு அக்கவுண்ட் ஆரம்பிச்சேன். நாலு மாசம் நல்லா ஓடிச்சு. ஒரு நாள் போன் மாத்தினேன், மறுபடியும் ஓடிபி கேட்டுச்சு, அந்த வெப்சைட்டுல அந்த நம்பரே இல்ல. வாங்கறவங்ககூட பேசின சாட், போட்ட ஃபோட்டோ எல்லாம் போச்சு.

அதக்கூட விடுங்க. அந்தப் பக்கத்துல நம்பர தேடுறப்ப அடுத்தவங்களோட மெசேஜ் கண்ணுல பட்டுச்சு, ஒரு லோன் ஆப்ல இருந்து பேரு போட்டு, இவ்வளவு தொகைக்கு அப்ளை பண்ணிருக்கீங்க, உங்க ஓடிபி இதுன்னு. யாரோ ஒரு பொண்ணு பேரு. அது அப்படியே நடுத்தெருவுல கெடக்குது. அந்த அக்கவுண்ட்ல நான் ஃபர்காட் பாஸ்வேர்ட் அமுக்கினா கோட் எனக்குத்தான் வரும். அன்னைக்கு சாயங்காலமே அப்படிப் போட்ட எல்லா அக்கவுண்டையும் உக்காந்து நம்பர் மாத்தினேன்.

காசு குடுத்தா இருபது நிமிஷத்துக்கு வாடகைக்கு நம்பர்னும் கெடைக்குது, டெலிகிராம்ல எல்லாம் விக்கறாங்க. அது யார் பேர்ல வாங்கின சிம்? உங்களுக்குத் தெரியாது. இருபது நிமிஷம் கழிச்சு அதே நம்பர் வேற எவன் கைக்கோ போகும். 2023 டெலிகாம் சட்டத்துல, ஏமாத்தியோ ஆள்மாறாட்டம் பண்ணியோ சிம் வாங்கினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. அந்த மாதிரி நம்பர்ல உங்க அக்கவுண்ட்ட கட்டிப் போடாதீங்க. பெரிய ஆப் எல்லாம் இந்த நம்பர்கள பெரும்பாலும் ஏத்துக்கறதும் இல்ல, இது இன்டர்நெட் நம்பரா, நெஜ மொபைலான்னு தேடிப் பாத்து தெரிஞ்சுக்கற வசதி அவங்ககிட்ட இருக்கு, அதுவும் இல்லாம அந்த நம்பர்ல உங்களுக்கு முன்னாடியே நூறு பேரு அக்கவுண்ட் ஆரம்பிச்சிருப்பாங்க.

நெஜமான நம்பரே கை மாறும்போது ஆபத்துதான். அமெரிக்கால பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில 2021ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, புது கஸ்டமருக்கு குடுக்கத் தயாரா இருந்த 259 நம்பர எடுத்துப் பாத்தாங்க, அதுல 171 நம்பர் யாரோ பழைய ஆளோட வெப்சைட் அக்கவுண்ட்ல இன்னும் ஒட்டிட்டு இருந்துச்சு. நம்ம ஊர்லயும் நிறுத்தின நம்பர 90 நாள் கழிச்சு வேற ஆளுக்கு குடுப்பாங்க. அதனால நம்பர விடறதுக்கு முன்னாடி பேங்க், ஆதார், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் மாத்திட்டு அப்புறம் விடுங்க. துபாய், சிங்கப்பூர் போற தம்பிங்க முக்கியமா, ஊர் பேங்க்ல ஊர் நம்பர் இருந்தா போறதுக்கு முன்னாடி ரோமிங் ஆன் பண்ணி, ரீசார்ஜ் விடாம பாத்துக்கோங்க.

எல்லாருக்கும் சொந்த நம்பர குடுக்க பயமா இருக்கு, குறிப்பா பொண்ணுங்களுக்கு, அது ரொம்ப நியாயமான பயம். கல்யாண வெப்சைட், வாடகைக்கு வீடு தேடுற ஆப், இதுல நம்பர் போட்டா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு நான் சொல்றது, உங்க பேர்லயே ரெண்டாவது சிம் ஒண்ணு வாங்கிடுங்க, ஒருத்தர் பேர்ல 9 சிம் வரைக்கும் வச்சுக்கலாம். டேட்டா இல்லாம கால், எஸ்எம்எஸ்க்கு மட்டும் தனி ரீசார்ஜ் குடுக்கணும்னு 2024 டிசம்பர்ல ட்ராய் சொன்னாங்க, 365 நாள் வேலிடிட்டி வரைக்கும் போகலாம், அந்த மாதிரி பேக் போட்டு ஓரமா வச்சுக்கலாம். அந்த நம்பர வெளில குடுங்க, பேங்க் நம்பர யாருக்கும் குடுக்காதீங்க. துணிக்கடைல பில் போடறப்ப நம்பர் கேட்டா "வேணாங்க"ன்னு சொல்லுங்க, நம்பர் குடுத்தாத்தான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023லயே நுகர்வோர் துறை சொல்லிருக்கு. உங்க பேர்ல உங்களுக்கே தெரியாம சிம் இருக்கான்னு தொலைத்தொடர்பு துறையோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல போய் பாருங்க, இருந்தா அங்கயே ரிப்போர்ட் பண்ணலாம். காசு போயிருச்சுன்னா யோசிக்காம உடனே 1930க்கு போன் போடுங்க, அது சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன்.

மெயில், பேஸ்புக் மாதிரி இடத்துல எஸ்எம்எஸ்க்கு பதிலா, போன்லயே கோட் உருவாக்கித் தர்ற ஆதென்டிகேட்டர் ஆப், இல்லன்னா கைரேகையோ ஸ்க்ரீன் லாக்கோ வச்சு உள்ள போற பாஸ்கீ போட்டுக்கலாம், சிக்னல் இல்லாத ஊர்லயும் வேலை செய்யும். அத எப்படி செட் பண்றதுன்னு அடுத்த வீடியோல அம்மா போன்லயே போட்டுக் காட்டறேன்.

பெரியப்பா கதைய விட்டுட்டேன் பாருங்க. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல தானாவே மெசேஜ் வர ஆரம்பிச்சிருச்சு. மறுநாள் காலைல எங்க வீட்டு திண்ணைலயே உக்கார வச்சு, வெளிச்சம் முகத்துல படற மாதிரி திருப்பி, ஒரே தடவ ஓடிபி கேட்டோம், வந்துச்சு, கண்ண சிமிட்டச் சொன்னேன், சிமிட்டினாரு, முடிஞ்சிருச்சு. பிரமாண் ஐடி வந்த மெசேஜ நாலு தடவ படிச்சுப் பாத்துட்டு, அத ஒரு பேப்பர்ல எழுதி பென்ஷன் புக்குக்குள்ள வச்சுக்கிட்டாரு. சரி மக்களே, அடுத்த வீடியோல பாப்போம், வரட்டுமா.