மா டின்னில் ஒரு வண்டு, மிலாற்றில் ஒரு வண்டு

வணக்கம் நேயர்களே.

காலையில் ரொட்டிக்கு மா அரிக்கிறீர்கள். சல்லடையில் நாலைந்து செம்பழுப்பு வண்டுகள் மிஞ்சி நிற்கின்றன. "சீ, வண்டு விழுந்திருச்சு" என்று வாசலில் தட்டிவிட்டுப் பிசைய உட்கார்ந்துவிடுவோம். லயத்து வீடோ பங்களாவோ, மலையகத்தில் இது நடக்காத வீடு குறைவு. தட்டுவதற்கு முன்னால் அந்த வண்டை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள் என்று கேட்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

மாவில் விழும் வண்டுகளில் அண்ணன் தம்பி போல இரண்டு இனம் உண்டு. ஒன்று ட்ரைபோலியம் கஸ்டானியம், அதாவது செம்மா வண்டு. மற்றதன் பெயர் ட்ரைபோலியம் கன்பியூசம். பெயரிலேயே குழப்பம், வைத்தவர் எவ்வளவு நொந்துபோய் வைத்தாரோ! இரண்டுமே மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளம்தான். அதே தட்டை உடம்பு, அதே செம்பழுப்பு.

நான் பல வருடம் உயிரியல் படிப்பித்தவன். ஆரம்பத்தில், சிவந்திருந்தால் கஸ்டானியம், கறுத்திருந்தால் மற்றது என்று வகுப்பில் துணிந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவி ஜாம் போத்தலில் மாவும் வண்டுமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "சேர், போன கிழமை இது வெளிறிப்போய் இருந்துச்சு. இப்ப கறுத்திருச்சு. அப்ப இனம் மாறிருச்சா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்தேன். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த புதிதில் வண்டு வெளிறித்தான் இருக்கும், நாள் போகப் போக நிறம் ஏறும். நான் அத்தனை நாளும் வண்டின் வயதைப் பார்த்து இனத்தைச் சொல்லியிருக்கிறேன்.

சரி, வேறு எதைப் பார்ப்பது? உணர்கொம்பைப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைவில்லை போதும். கொம்பில் பதினொரு கணு இருக்கும். கஸ்டானியத்துக்குக் கடைசி மூன்று கணுவும் திடீரென்று பருத்து, அனுமார் கையிலிருக்கும் கதாயுதம் மாதிரி நிற்கும். கன்பியூசத்துக்கு அப்படித் திடீர்ப் பருமன் இல்லை. அணசைக் கழற்றிய நாதஸ்வரம் போல, அடியிலிருந்து நுனிவரை கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே போகும்.

இன்னும் சந்தேகம் என்றால் வண்டை மல்லாத்த வேண்டும். அது சும்மா இருக்காதே! பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்து, செலோடேப்பில் முதுகு ஒட்டும்படி வைத்துவிடுங்கள். இப்போது தலையின் அடிப்பக்கத்தில் இரண்டு கண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் எத்தனை கண் வைக்கலாம் என்று மனதுக்குள் அளந்து பாருங்கள். ஒரு கண் அளவுதான் என்றால் கஸ்டானியம், மூன்று கண் வைக்கலாம் என்றால் கன்பியூசம். வெயில் ஏறிய நேரத்தில் பறந்து போனாலும் அது கஸ்டானியம்தான். மற்றதற்குச் சிறகு இருந்தும் பறப்பதில்லை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் கஸ்டானியமே அதிகம்.

மா வண்டில் பெயரை மாற்றிச் சொன்னால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது, ரொட்டி ரொட்டிதான். தேயிலைக்கு வந்தால் கதை வேறு.

அடுப்புக்கு மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, முறிக்கிறவர்களுக்குத் தெரியும். சில வாதுகளில் குண்டூசி குத்தியது போல் துளை இருக்கும். முறித்தால் சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும். உள்ளே வளைந்து போகும் சுரங்கம், சுவரெல்லாம் கறுத்திருக்கும். ஷொட் ஹோல் போரர் என்று தோட்டத்தில் சொல்லும் வண்டின் வேலை அது. பெண் வண்டே இரண்டு மில்லிமீற்றர் சொச்சம்தான். ஆண் அதைவிடச் சிறியது, பறக்கவும் தெரியாது. இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. வாய்க்குள் இருக்கும் பையில் பூஞ்சணத்தைச் சுமந்து வந்து, சுரங்கத்தில் பயிரிட்டு, அதைச் சாப்பிட்டுப் பிழைக்கிறது. ஒருவகையில் அதுவும் தோட்டம் போட்டிருக்கிறது.

1868இல் ஐக்கொஃப் என்ற ஜெர்மானியர் இலங்கையில் கிடைத்த இதே போன்ற ஒரு வண்டுக்கு ஃபோர்னிகேட்டஸ் என்று பெயரிட்டார். லத்தீனில் வளைவானது என்று பொருள். 1923இல் எகர்ஸ் என்பவர் இன்னொன்றுக்கு ஃபோர்னிகேஷியர், அதாவது அதைவிட வளைவானது என்று வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் பிற்காலத்தில் ஒரே இனமாகச் சேர்த்துவிட்டார்கள்.

2003இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இதே போன்ற வண்டு அகப்பட்டது. தேயிலை வண்டுதான் என்று எழுதி வைத்தார்கள். சில வருடம் கழித்து அங்கே வெண்ணெய்ப்பழ மரங்களும் தெருவோர மரங்களும் காய ஆரம்பித்தன. மரபணுவைப் பார்த்தால், ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தன. 2018, 2019ஆம் ஆண்டு ஆய்வுகளில் அவற்றை நான்காகப் பிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐக்கொஃப் இலங்கை வண்டுக்கு வைத்த பழைய பெயர் இப்போது அந்த லொஸ் ஏஞ்சலிஸ் வண்டுக்குப் போய்விட்டது. தேயிலைத் துளைப்பான் என்று இன்று சொல்வது ஃபோர்னிகேஷியரையும் பெர்பிரெவிஸ் என்ற மற்றொன்றையும்தான்.

இவற்றைப் பிரிக்க நம்முடைய கைவில்லை போதாது. நுணுக்குக்காட்டியில் வைத்து முன்சிறகின் நீளத்தையும் கழுத்துப் பலகையின் அகலத்தையும் அளந்தாலும், வித்தியாசம் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வரும். ஒரு இனத்தின் பெரிய வண்டும் அடுத்த இனத்தின் சின்ன வண்டும் ஒரே அளவில் வந்து நிற்கும். கடைசியில் மரபணுச் சோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மா வண்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நாளைக்கு மா அரிக்கும்போது ஒன்றை எடுத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்.

நன்றி, வணக்கம்.