ஆட்டுனது காந்தத்தையா காயிலையா?

எல்லாருக்கும் வணக்கம். மைக் கேக்குதா, பின்னாடி வரைக்கும்? கேக்கலன்னா கைய தூக்குங்க, ஆனா ஃபேன மட்டும் நிறுத்த சொல்லிடாதீங்க, அதுக்கும் இன்னிக்கு பேச்சுல கொஞ்சம் வேலை இருக்கு.

மேஜை மேல மூணே சாமான். செப்புக் கம்பில நானே உக்காந்து சுத்துன ஒரு காயில், ஸ்கூல் லேப்ல இருக்குமே அந்த சட்ட காந்தம், அப்புறம் காயிலோட இணைச்ச, நடுவுல ஸீரோ போட்ட ஒரு கால்வனோமீட்டர், அதாவது துளி கரன்ட் ஓடுனாலும் முள்ள அசைச்சு காட்டுற மீட்டர். மீட்டர உங்க பக்கம் பாத்து வெச்சிருக்கேன். இப்ப காயில் சும்மா கிடக்குது, காந்தத்த உள்ள விடறேன்... பாத்தீங்களா, முள்ளு உங்களுக்கு வலது பக்கம் போச்சு, இந்தப் பக்கம் நிக்கிற எனக்கு இடது பக்கம். வெளிய இழுத்தா எதிர் பக்கம். 1831 அக்டோபர்ல லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல மைக்கேல் ஃபாரடே பாத்ததும் இதேதான், இன்னிக்கு ஊர் பூரா கரன்ட் வர்றது அந்த முள்ளு அசைஞ்சதுல இருந்துதான்.

இப்ப காந்தத்த அசையாம பிடிச்சுக்கறேன், காயில எடுத்து அதே வேகத்துல காந்தத்து மேல மாட்டறேன். முள்ளு அதே வலது பக்கம், அதே அளவு.

இதுல என்ன சார் அதிசயம்னு நீங்க கேக்கலாம். அதிசயம் முள்ளுல இல்ல, நாம எழுதுற விடைல இருக்கு. காந்தம் நகந்தா என்ன எழுதணும்? காந்தப்புலம் மாறுது, மாறுற காந்தப்புலம் ஒரு மின்புலத்த உண்டாக்குது, அந்த மின்புலம் கம்பிக்குள்ள இருக்கிற எலக்ட்ரான தள்ளுது. காயில் நகந்தா? அப்ப மின்புலமே கிடையாது, காந்தம் சும்மா இருக்கு, எலக்ட்ரான்தான் கம்பியோட சேந்து காந்தப்புலத்துக்குள்ள ஓடுது, ஓடுற சார்ஜ காந்தப்புலம் பக்கவாட்டுல தள்ளும். எக்ஸாம்ல இத மாத்தி எழுதுனா மார்க் போயிரும். ரெண்டு வேற வேற கணக்கு, விடை மட்டும் பைசா பிசகாம ஒண்ணு, இது எப்படின்னு எனக்கு பாடம் எடுத்த யாரும் சொல்லல, நானும் கேக்கல, விரல மடக்கி இடது கை விதி வலது கை விதின்னு மனப்பாடம் பண்ணிட்டு போயிட்டேன்.

கேட்டது ஒருத்தர். 1905, சுவிட்சர்லாந்து பெர்ன் நகரத்துல பேடன்ட் ஆபீஸ்ல வேலை பாத்துட்டிருந்த 26 வயசு ஐன்ஸ்டீன். ரிலேட்டிவிட்டின்னதும் நமக்கு ராக்கெட்டு, இரட்டையர், கடிகாரம் எல்லாம் ஞாபகம் வருது, ஆனா அந்த வருஷம் அவர் அத முதல்ல எழுதுன கட்டுரையோட தலைப்பே ஓடுற பொருள்களோட மின் இயக்கவியல் பத்தினதுதான், முதல் பாராவுலயே இருக்கிறது இந்த காந்தமும் கம்பியும்தான். அவர் சொன்னது, மின்புலம் காந்தப்புலம்னு நாம பிரிக்கிறமே, அந்த பிரிவு பாக்கிற ஆளோட வேகத்த பொறுத்தது. காந்தத்தோட உக்காந்திருக்கிறவனுக்கு வெறும் காந்தப்புலம். அத தாண்டி ஓடுறவனுக்கு அதே இடத்துல மின்புலமும் உண்டு. உங்க வலதும் என் இடதும் மாதிரி, முள்ளு ஒண்ணுதான்.

சரி, ஃபேனுக்கு வருவோம். கம்பில கரன்ட் ஓடுதுன்னா எலக்ட்ரான் மின்னல் வேகத்துல பறக்குதுன்னு நினைப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, ஒரு ஆம்பியர் டிசி கரன்ட், அதாவது ஒரே திசைல ஓடுறது, கணக்கு போட்டு பாருங்க, எலக்ட்ரான் நகர்ற சராசரி வேகம் ஒரு செகண்டுக்கு 0.07 மில்லிமீட்டர், அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜாணுக்கு கொஞ்சம் மேல, நத்தை இத பாத்தா சிரிக்கும். (ஃபேன்ல ஓடுறது ஏசி, அதுல எலக்ட்ரான் அந்த ஜாண் கூட போறதில்ல, நின்ன இடத்துலயே முன்னும் பின்னும் ஆடுது.)

இப்ப கம்பிக்கு வெளிய, பக்கத்துலயே, ஒரு தனி எலக்ட்ரான் அதே வேகத்துல அதே திசைல போகுதுன்னு வெச்சுக்குவோம். தரைல நிக்கிற நமக்கு கம்பில ப்ளஸ்ஸும் மைனஸும் சமம், மின்புலம் இல்ல, ஆனா கரன்ட் ஓடுறதால காந்தப்புலம் இருக்கு, அது அந்த எலக்ட்ரான கம்பி பக்கம் இழுக்குது. அந்த எலக்ட்ரான் மேல ஏறி உக்காந்து பாருங்க. நீங்க நிக்கிறீங்க, வேகம் ஸீரோ, நிக்கிற சார்ஜ காந்தப்புலம் தொடவே தொடாது. அப்ப யார் இழுக்கிறா? உங்களுக்கு கம்பி எலக்ட்ரான் எல்லாம் நிக்குது, செப்போட ப்ளஸ் அயனிங்கதான் பின்னாடி ஓடுது. ரிலேட்டிவிட்டி படி ஓடுற வரிசை நீளத்துல சுருங்கும், அதனால இப்ப ஓடுற ப்ளஸ் கொஞ்சம் நெருங்கிடுச்சு, ஓட்டத்த நிறுத்துன மைனஸ் கொஞ்சம் விலகிடுச்சு, கம்பிக்கு மொத்தத்துல ஒரு துளி ப்ளஸ் சார்ஜ் வந்திருச்சு, அது உங்கள இழுக்குது. நாம காந்த விசைன்னு சொன்னத நீங்க மின்விசைங்கறீங்க.

நத்தை வேகத்துல நீளம் சுருங்குமா, சுருங்குனா எவ்வளவு? ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் வர்ற வித்தியாசம் 10-ஓட மைனஸ் 26-வது அடுக்கு, அதுல ஏதோ ஆறு மடங்கு, எந்த கருவியாலயும் அளக்க முடியாது. ஆனா அந்த கம்பி ஒரு மீட்டர் எடுத்தா அதுல நகர்ற எலக்ட்ரானோட சார்ஜ் மட்டும் 13,000 கூலும்புக்கு மேல. ஒரு கூலும்ப ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு கூலும்புக்கு எதிர்ல வெச்சா விசை ஏறக்குறைய ஒன்பது லட்சம் டன் எடைக்கு சமம். இவ்வளவு பெரிய ரெண்டு பலம் சரிசமமா மல்லுக்கட்டி நிக்கும்போது தூசி அளவு பிசகு போதும், மேல பாருங்க, ஃபேன சுத்த வைக்கிறதும் அதே காந்த விசைதான்.

இங்க ஒரு எச்சரிக்கை, நிறைய பேர் அப்ப காந்தப்புலமே பொய், எல்லாம் மின்புலம்தான்னு வீடியோ போடறாங்க. அது தப்பு. மின்புலத்தோட வர்க்கத்துல இருந்து, ஒளி வேகத்தால பெருக்குன காந்தப்புலத்தோட வர்க்கத்த கழிச்சா வர்ற எண், யார் எந்த வேகத்துல போய் பாத்தாலும் மாறாது. நமக்கு அந்த கம்பிகிட்ட அது மைனஸ், அப்ப எல்லாருக்கும் மைனஸ், எவ்வளவு வேகமா ஓடுனாலும் காந்தப்புலத்த முழுசா துடைச்சுட்டு வெறும் மின்புலமா பாக்க முடியாது. அந்த எலக்ட்ரான் மேல உக்காந்தவருக்கும் காந்தப்புலம் இருக்கத்தான் செய்யுது, அவர் நிக்கிறதால அவர தொடல, அவ்வளவுதான்.

கேள்வி நேரத்துல முன் வரிசைல ஒரு பொண்ணு கேட்டுச்சு, சார் காந்தம் காயில் ரெண்டையும் சேத்து தூக்கிட்டு நடந்தா? நல்ல கேள்வி. மீட்டரு காயில் காந்தம் மூணையும் ஒரே தட்டுல வெச்சு மேடைய இந்தக் கோடிலருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். முள்ளு ஸீரோ. நடந்தது என்னம்மா பெரிசு, இந்த மேடையே பூமியோட சேந்து சூரியன சுத்தி செகண்டுக்கு 30 கிலோமீட்டர்ல போயிட்டிருக்கு, காந்தப்புலத்த அளக்கிற அலகு டெஸ்லா, இது 0.1 டெஸ்லா காந்தம்னு வெச்சா சூரியன்ல நிக்கிறவர் கணக்குல காயில்ல இருக்கிற எலக்ட்ரான் மேல காந்தப்புலம் தள்ளுறது, மீட்டருக்கு 3000 வோல்ட் மின்புலம் தள்ளுற மாதிரி. ஆனா அவருக்கு ஓடுற காந்தம் ஒரு மின்புலத்தையும் சேத்தே கொண்டு வருது, அது சரியா அதே 3000, எதிர் திசைல. அதான் முள்ளு சும்மா இருக்கு. லேசா ஆடுச்சேன்னு அந்தப் பொண்ணு விடல. அது என் கை நடுக்கம்மா.