அந்தக் கரை அப்படியே இருக்கட்டும்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் இளையர்களுக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். பிந்தானா, மாலத்தீவா, செந்தோசாவா? எந்த ரிசார்ட்டில் நீச்சல்குளம் பெரிது, எதில் காலை உணவும் சேர்த்தி? கடலோரம் போகத்தான் இத்தனை விசாரிப்பும். ஆனால் அதில் கடலைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்காது. ஒரே ஒரு விடுமுறையையாவது எதுவும் கட்டப்படாத ஒரு கரைக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன். அந்தக் கரைக்குக் கடப்பிதழ் வேண்டாம். நம் சிங்கப்பூரின் சாங்கி முனையில் பம்போட் என்ற சிறு படகில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் புலாவ் உபின் தீவு. ஒரு பிரியாணி விலைகூட ஆகாத கட்டணம்.

செந்தோசாவைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. பிளாக்காங் மாத்தி என்ற பெயரில் பீரங்கிக் கோட்டைகளும் கிராமங்களும் இருந்த தீவு அது. 1970இல் பெயர் மாறியது, 1972இல் அதை வளர்க்க ஒரு கழகம் அமைந்தது, 2010இல் பெரிய ஒருங்கிணைந்த உல்லாசத்தளம் திறந்தது. நம் பிள்ளைகள் அங்கே மகிழ்ந்திருக்கிறார்கள், மகிழட்டும். ஆனால் அங்குள்ள மணல் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியது. தினமும் வாரிச் சுத்தம் செய்யப்படுவது. கடல் ஒதுக்கிப் போடும் பாசியும் கடற்புல்லும் நமக்குக் குப்பை. கரையில் வாழும் சிற்றுயிர்களுக்கோ அதுதான் சாப்பாடு. நம் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று கரையை வழித்தெடுத்தால் அதை நம்பி வாழ்பவை எங்கே போகும்? உலகத்தின் எந்த ஆடம்பர ரிசார்ட்டுக்குப் போனாலும் அதே சாய்வு நாற்காலி, அதே குடை, அதே வெண்மணல். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

இப்போது உபினுக்கு வாருங்கள். ஏறக்குறைய 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. கருங்கல்லுக்குப் பேர்போனது. 1851இல் கட்டி முடித்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், பின்னர் ஜோகூர் பாலத்துக்கும் உபின் கல் போனது. கடைசிக் குவாரி 1999இல் மூடியது. வெட்டிய பள்ளங்களில் இன்று மழைநீர் நிற்கிறது, மேட்டில் காடு திரும்பிவிட்டது. பல ஆண்டுகளாகக் கண்ணில் படாத இருவாட்சிப் பறவை 1994இல் இந்தத் தீவுக்குத் திரும்பியது. இன்று சாங்கி வட்டார மரங்களிலும் அதைப் பார்க்கிறோம்.

தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது செக் ஜாவா. சுமார் 100 ஹெக்டேர். மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவு, சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என ஆறுவகை வாழிடங்கள் அங்கே தோளோடு தோள் சேர்ந்து கிடக்கின்றன. அலை நன்றாக வற்றினால் தட்டையான கடற்படுகை வெளியே தெரியும். கை அகல நட்சத்திர மீன்கள், கம்பளம் விரித்த மாதிரி கடற்சாமந்திகள், ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும் நண்டுகள். நம் பாக் நீரிணையில் வாழும் கடற்பசு இருக்கிறதல்லவா, அது மேய்ந்துபோன தடங்கள்கூட இந்தப் புல்வெளியில் பதிவாகியிருக்கின்றன.

இத்தனையும் மண்ணுக்கடியில் போக இருந்தது. 1990களிலேயே அந்த இடத்தில் நிலமீட்புக்கு, அதாவது கடலில் மண் கொட்டி நிலமாக்க, திட்டம் போட்டாயிற்று. அங்கே என்ன இருக்கிறது என்பது 2000ஆம் ஆண்டு இறுதியில்தான் இயற்கை ஆர்வலர்கள் வழியாக வெளியில் தெரிந்தது. பிறகு நடந்ததை நம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டூழியர்களும் புதையுமுன் பதிவாவது செய்துவிடுவோம் என்று சேற்றில் இறங்கிக் கணக்கெடுத்தார்கள். சாதாரணக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து பார்த்தன. அரசாங்கத்துக்குக் கடிதங்கள் போயின. 2001 டிசம்பரில், வேலை தொடங்கவிருந்த கட்டத்தில், நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது. அமைச்சும் அதிகாரிகளும் கேட்டார்கள், பார்த்தார்கள், மனம் மாறினார்கள். அதையும் நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

நம் மணற்கரைகளில் ஊதாப்பூ பூத்துப் படரும் ஒரு கொடி உண்டு. அடம்பு. அதன் வேர்தான் மணலைப் பிடித்து வைக்கிறது. சங்கத் தமிழின் நெய்தல் நிலத்துக் கொடி அது. புன்னையும் தாழையும்கூட அந்த நிலத்துக்கு உரியவை. அவை மூன்றும் இங்கே, சிங்கப்பூர்க் கரையிலும் தாமாகவே வளர்பவை. அடம்பங்கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள் நம் பெரியவர்கள். செக் ஜாவாவைக் காப்பாற்றியது அந்த மிடுக்குத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உபின் நிலம் வளர்ச்சிக்குத் தேவைப்படாதவரை என்பதுதான் அன்று தந்த வாக்கு. நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. நிலம் குறைந்த நாடு இது, அந்த நெருக்கடி எனக்கும் புரிகிறது. அதனால்தான் போய்ப் பாருங்கள் என்கிறேன். யாரும் கண்டிராத கரைக்காக யார் பேசுவார்கள்?

தெற்குத் தீவுகளையும் சொல்லாமல் விட மனமில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874இல் தனிமைப்படுத்தும் நிலையம் வந்தது. கப்பலில் வந்த நம் முன்னோர் பலர் சிங்கப்பூர் மண் என்று முதலில் மிதித்தது அந்தத் தீவைத்தான். பின்னாளில் நாட்டின் அதிபரான தேவன் நாயர் காலனி ஆட்சியில் அங்கேதான் தடுத்து வைக்கப்பட்டார். இவ்வளவு வரலாறு உள்ள இடத்தில் ஒரு மர நிழலும் அலைச்சத்தமும் போதும். பக்கத்து லாசரஸ் தீவின் வளைகரை இயற்கையானது இல்லை, அங்கும் கொட்டிய மணல்தான். ஆனாலும் நெடுநாள் அது கடை கண்ணி இல்லாமல் கிடந்தது. அந்த அமைதிக்காகவே மக்கள் படகேறிப் போனார்கள். 2023இல் சில சின்னஞ்சிறு தங்கும் வீடுகள் வந்தன. அதோடு நிற்கட்டும் என்பது என் விருப்பம். அந்தத் தீவின் தென்பகுதியையும் குசு தீவின் பவளப் பாறைகளையும் சேர்த்து நாட்டின் இரண்டாவது கடல் பூங்கா அமையும் என்று 2024இல் அறிவித்திருக்கிறார்கள். நெஞ்சு நிறைந்த செய்தி.

வயதானவர்களை எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உபின் படகுத்துறையில் வேன் கிடைக்கும். செக் ஜாவாவில் 2007இல் திறந்த நடைபாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கடலுக்கு மேலேயும் சதுப்புக் காட்டுக்கு உள்ளேயும் அதிலேயே நடக்கலாம். மனிதக் கால்கள் படுகையை மிதிக்காமல் இருக்கத்தான் அந்தப் பாலம். ஒரு கரையில் கட்ட வேண்டியது அவ்வளவுதான் என்பேன்.

போகுமுன் அலை அட்டவணை பாருங்கள். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரம் நல்லது. தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, சில்லறைக் காசு எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பி பொறுக்கிப் பையில் போட வேண்டாம், அதற்குள் குடியேறக் காத்திருக்கும் நண்டு உண்டு. காட்டுப்பன்றிக்குத் தீனி போட வேண்டாம். பம்போட் பொதுவாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்த பிறகுதான் கிளம்பும். அதனால் பாட்டி, தாத்தா, சித்தப்பா குடும்பம் என்று எல்லாரையும் அழைத்துக்கொண்டு போங்கள், காத்திருக்காமல் புறப்படலாம்.