பாயிண்ட் புல்லட்டுக்கு டைமிங் செக் பண்றது எப்படி? | காஸ்ட் அயர்ன் 350

வணக்கம் மக்களே. நேரா வண்டிக்கே வந்துடுவோம். டூம்ல, அதாவது ஹெட்லைட் கூட்டுல, கரண்ட் போறதையும் வர்றதையும் காட்டுற இந்த ஆம்ப் மீட்டரைக் கொஞ்சம் பக்கத்துல காட்டுறேன். சாவியைப் போட்டிருக்கேன், லைட்டு எல்லாம் ஆஃப். முள்ளு நடுவுல இல்ல, மைனஸ் பக்கம் சாய்ஞ்சு நிக்குது. இப்போ பின் வீலைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி சுத்துறேன். பாருங்க... பாருங்க... டக்குனு நடுவுக்கு வந்துடுச்சா? பாயிண்ட், அதாவது காயிலோட கரண்டை விட்டு விட்டு வெட்டுற சின்ன சுவிட்ச், திறந்த நொடி அதுதான். அதே நொடியிலதான் பிளக்குல பொறி விழும். அந்த நொடியில பிஸ்டன் எங்க இருக்குங்கறதுதான் டைமிங். இன்னிக்குப் பார்க்கப் போறது மொத்தமும் இவ்வளவுதான்.

இது 346 சிசி காஸ்ட் அயர்ன் இன்ஜின், போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 90 மி.மீ. ராயல் என்ஃபீல்டோட திருவொற்றியூர் ஃபேக்டரியில 1950கள்ல ஆரம்பிச்சு அரை நூற்றாண்டுக்கு மேல ஓடின அதே குடும்பம். பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் மாடல் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த வீடியோ பொருந்தாது, மன்னிச்சுக்கோங்க.

டைமிங் அளவு எவ்வளவு? பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 0.8 மி.மீ. பாக்கி இருக்கறப்போ பாயிண்ட் திறக்கணும். பழைய கணக்குல அங்குலத்துல முப்பத்திரண்டுல ஒரு பாகம். இது, ஸ்பீடுக்கு ஏத்த மாதிரி பொறியைச் சீக்கிரமாக்கற ஆட்டோ அட்வான்ஸ் முழுசா மூடி இருக்கற நிலையில எடுக்கற அளவு. பாயிண்ட் கேப், அதாவது பாயிண்ட் முழுசாத் திறந்தப்போ நடுவுல இருக்கற இடைவெளி, 0.35ல இருந்து 0.40 மி.மீ. இந்த ரெண்டு நம்பரையும் எழுதி வெச்சுக்கோங்க.

எடுத்தவுடனே பாயிண்ட் உட்கார்ந்திருக்கற பிளேட்டைத் திருப்பறதுதான் நிறைய பேர் பண்ற தப்பு. பிளேட்டைத் தொடவே கூடாது, முதல்ல கேப். ஏன்னா கேப்பை மாத்தினா டைமிங்கும் மாறும். கேப் பெருசானா கேம் சீக்கிரமே பாயிண்ட்டைத் தள்ளித் திறந்துடும், டைமிங் அட்வான்ஸ் ஆயிடும், அதாவது பொறி சீக்கிரம் விழும். கேப் சின்னதானா லேட்டாத் திறக்கும், ரிடார்ட். வண்டி ஓட ஓட, கேம்ல உரசுற அந்த ஃபைபர் குதிகால் தேயும். தேய்ஞ்சா கேப் குறையும். ஆறு மாசமா வண்டி மெதுவா மெதுவா பிக்கப் இழந்ததுன்னா முக்கால்வாசி நேரம் காரணம் இந்தத் தேய்மானம்தான். அதைப் பார்க்காம பிளேட்டைத் திருப்பி டைமிங் கொண்டு வந்தா, அடுத்தவாட்டி கேப் வெக்கறப்போ எல்லாம் தலைகீழாப் போயிடும்.

சரி, வலது பக்கம் பாயிண்ட் மூடி. ரெண்டு ஸ்க்ரூ, கழட்டியாச்சு. பிளக்கையும் கழட்டி வெச்சிருக்கேன், கம்ப்ரஷன் இல்லாம சுத்த லேசா இருக்கும். வண்டி சென்டர் ஸ்டாண்டுல, டாப் கியர்ல. பின் வீலைச் சுத்தினா இன்ஜின் சுத்தும். இப்போ உள்ள பாருங்க: நடுவுல கேம், ஒரே ஒரு மேடுதான். அது பாயிண்ட்டை முழுசாத் தூக்கி நிக்கற இடத்துல நிறுத்திட்டு, ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) 0.35 உள்ள போகணும், 0.40 லேசா உரசிக்கிட்டுப் போகணும். அப்படி இல்லன்னா பாயிண்ட்டோட லாக் ஸ்க்ரூவைக் கால் சுத்து லூஸ் பண்ணி, திருப்புளி நுனியால நெம்பி வெச்சு, திரும்ப டைட் பண்ணுங்க. டைட் பண்றப்போ கேப் கொஞ்சம் நகரும், அதனால டைட் பண்ணினதுக்கு அப்புறம் மறுபடியும் ஒருவாட்டி கேஜ் விட்டுப் பாருங்க.

கேஜ் விடறதுக்கு முன்னாடி பாயிண்ட்டோட முகத்தையும் பார்க்கணும். ஒரு பக்கம் பள்ளம், எதிர்ப் பக்கம் சின்ன மொட்டு மாதிரி மேடு இருந்தா, கேஜ் காட்டுற அளவு பொய். மெல்லிய எமரி பேப்பரால ரெண்டு முகத்தையும் சமமாத் தேய்ச்சு, தூசியைத் துணியால துடைச்சுடுங்க. பள்ளம் ஆழமா இருந்தா பாயிண்ட் செட்டையே மாத்தறதுதான் நல்லது. புதுசு போட்டு ரெண்டு வாரத்துலயே மறுபடியும் கருகிப் போகுதுன்னா பாயிண்ட் மேல குத்தம் சொல்லாதீங்க, கண்டென்சரைப் பாருங்க. கண்டென்சர் செத்தா பாயிண்ட் திறக்கறப்போ நடுவுல பொறி பறக்கும், இருட்டுல பார்த்தாத் தெரியும்.

ஃபைபர் குதிகாலுக்கு துளி கிரீஸ் போதும், அரிசி அளவுகூட வேணாம். அதிகமானா சூட்டுல உருகிப் பாயிண்ட் முகத்துல தெறிக்கும், வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்.

அடுத்து ஆட்டோ அட்வான்ஸ். பிளேட்டுக்குப் பின்னாடி ரெண்டு எடை, ரெண்டு ஸ்பிரிங். ஸ்பீடு ஏற ஏற எடை வெளியே விரிஞ்சு கேமை முன்னாடி தள்ளும். கேமை விரலால பிடிச்சுத் திருப்பி விடுறேன். டப்புனு திரும்பி வந்துடுச்சு, நல்லா இருக்கு. சோம்பேறித்தனமா பாதி வழியில நின்னா துருவோ காய்ஞ்ச கிரீஸோ இருக்குன்னு அர்த்தம். அட்வான்ஸ்லயே மாட்டிக்கிட்டா கிக்கர் கணுக்காலைப் பேர்க்கற மாதிரி திருப்பி அடிக்கும். மூடினபடியே மாட்டிக்கிட்டா ஸ்டார்ட் சுலபமா ஆகும், ஆனா அறுபதுக்கு மேல இழுக்காது. இது சரியில்லாம டைமிங் வெக்கறது வீண் வேலை, கழட்டிக் கழுவிட்டு அப்புறம் வாங்க.

இப்பதான் டைமிங். முதல் கேள்வி: பிஸ்டன் மேல வர்றது கம்ப்ரஷன்லயா, எக்ஸாஸ்ட்லயா? டேப்பெட் மூடியைத் திறந்து வால்வைத் திறக்கற ரெண்டு புஷ் ராடையும் விரலால உருட்டிப் பாருங்க. ரெண்டும் லேசாச் சுத்தினா வால்வு ரெண்டும் மூடியிருக்கு, அது கம்ப்ரஷன். சுத்துது, ஆனா மேலயும் கீழயும் ஆட்டம் இல்ல. குளிர்ந்த இன்ஜின்ல டேப்பெட் இப்படித்தான் இருக்கணும். ஒண்ணு இறுக்கமா இருந்தா இன்ஜினை இன்னும் ஒரு முழுச் சுத்து சுத்தணும்.

ரெண்டாவது கேள்வி: உச்சி எங்க? இங்கதான் கொஞ்ச நேரம் நிப்போம், ஏன்னா தப்பு நடக்கறதே இங்கதான். ஊர்ல எல்லாரும் பண்றது என்ன? பிளக் ஓட்டையில ஒரு ஸ்போக்ஸ் கம்பியை விட்டு, அது ஏறி நின்னு இறங்க ஆரம்பிக்கற இடத்தை உச்சின்னு வெச்சுப்பாங்க. பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, இந்த ஹெட்ல பிளக் ஓட்டை சாய்வு. கம்பியும் சாய்வாத்தான் உட்காரும், கம்பியில பார்க்கற 0.8, பிஸ்டன்ல 0.8 கிடையாது. ரெண்டாவது, உச்சிகிட்ட பிஸ்டன் கிட்டத்தட்ட நகர்றதே இல்ல. 90 மி.மீ. ஸ்ட்ரோக்குக்குக் கணக்குப் போட்டா, உச்சிக்கு முன்னாடி அஞ்சு டிகிரியில பிஸ்டன் இறங்கி இருக்கறது 0.2 மி.மீ.தான். கண்ணுக்கு அது எங்க தெரியப் போகுது? 0.8 மி.மீ.ன்னா ஒன்பதரை டிகிரி. 0.4ன்னா ஏழு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. 2 மி.மீ. வெச்சுட்டா பதினஞ்சு டிகிரி. ஒரு மில்லிமீட்டர் சறுக்கினாலே கிக்கர் குணம் மாறிடும்.

அதனால பிஸ்டன் ஸ்டாப்பர். பழைய பிளக் ஒண்ணுல பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, நடுவுல ஒரு போல்ட்டைப் போட்டு, நுனியை உருண்டையாத் தேய்ச்சு வெச்சிருக்கு. இதான் அது. இடது பக்கம் பிரைமரி கவரையும் கழட்டியாச்சு, நடுவுல ஒரே ஒரு நட்டுதான். கீழ ஒரு தட்டு வைங்க, எண்ணெய் கொட்டும். ஆல்டர்னேட்டர் நட்டுல டிகிரி டிஸ்க், அதாவது டிகிரி கோடு போட்ட வட்டத் தகடு, மாட்டியிருக்கேன், பக்கத்துல ஒரு கம்பியை வளைச்சு முள்ளு.

பிஸ்டனை நல்லாக் கீழ இறக்கிட்டு ஸ்டாப்பரைத் திருகுங்க. வீலை முன்னாடி மெதுவாச் சுத்துங்க... தொட்டுச்சு. அழுத்தக் கூடாது, தொட்டா நிறுத்திடணும். டிஸ்க்ல ஒரு கோடு. இப்போ பின்பக்கமாச் சுத்துறேன், இன்னொரு பக்கம் வந்து தொடும். ஆச்சு, ரெண்டாவது கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, பிஸ்டன் போக முடியாத அந்தச் சின்ன இடைவெளியோட நட்ட நடு, அதான் உச்சி. சாய்வான ஓட்டை, வளைஞ்ச போல்ட், எதுவும் இங்க பொய் சொல்ல முடியாது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பு விழுந்து கழிஞ்சுடும். அங்க சைபர் வெச்சு, ஸ்டாப்பரைக் கழட்டிடுங்க. கழட்ட மறந்துட்டு இன்ஜினைச் சுத்தாதீங்க, சாமி.

ஆம்ப் மீட்டர் முள்ளு நல்ல அடையாளம்தான், ஆனா பழைய மீட்டர் சோம்பேறி, கொஞ்சம் லேட்டாக் காட்டும். அதனால ஒரு சின்ன இண்டிகேட்டர் பல்பு. 12 வோல்ட் வண்டின்னா 12 வோல்ட் பல்பு, பழைய 6 வோல்ட்டுன்னா 6. ஒரு ஒயர் பாயிண்ட்டுக்குக் காயில்ல இருந்து வர்ற டெர்மினல்ல, இன்னொண்ணு பாடி எர்த்துல. பாயிண்ட் மூடியிருந்தா பல்பு எரியாது, திறந்தா எரியும். சாவியை ரொம்ப நேரம் ஆன்ல விடாதீங்க. பாயிண்ட் மூடினபடி இருந்தா காயில் சும்மாவே கரண்ட் குடிச்சுச் சூடாகும். தொட்டுப் பார்த்து, சூடா இருந்தா ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வாங்க.

இப்போ கம்ப்ரஷன்ல, பின்னாடி நல்லா முப்பது டிகிரி தள்ளி ஆரம்பிச்சு, முன்னோக்கி மட்டும் சுத்தணும். தாண்டிட்டா அப்படியே திரும்பி வராதீங்க. கியர் பல்லுக்கு நடுவுல ஆட்டம் இருக்கு, பின்பக்கமா வந்தா கேம் இன்னும் பழைய இடத்துலயே நிக்கும். மறுபடியும் நல்லாப் பின்னாடி போய்ட்டு முன்னாடி வாங்க. சுத்துறேன்... இருபது... பதினஞ்சு... எரிஞ்சுடுச்சு! பதினாலுல எரியுது. அதாவது ஒன்பதரையை விட நாலரை டிகிரி அட்வான்ஸ். கிக்கர் அடிக்கறதுல ஆச்சரியமே இல்ல.

எந்தப் பக்கம் திருப்பறது? மனப்பாடம் பண்ண வேணாம். வீலை முன்னாடி சுத்தறப்போ கேம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. அதே பக்கம் பிளேட்டைத் திருப்பினா, கேம் துரத்திப் பிடிக்க லேட் ஆகும், ரிடார்ட். எதிர்ப் பக்கம் திருப்பினா அட்வான்ஸ். பிளேட்டோட ரெண்டு ஸ்க்ரூவையும் லேசா லூஸ் பண்ணிட்டுத் தட்டி நகர்த்துங்க. கேம் சுத்தறது கிராங்கோட பாதி வேகத்துல, அதனால பிளேட் ஒரு டிகிரி நகர்ந்தா கிராங்க்ல ரெண்டு டிகிரி. நமக்கு வேண்டியது நாலரைன்னா பிளேட்டுல ரெண்டே கால்தான். தலைமுடி அளவு. டைட் பண்ணிட்டு மறுபடியும் சுத்திப் பார்க்கறேன்... ஒன்பதரை. சரியா வந்துடுச்சு.

பிளேட்ல ஸ்க்ரூ நகர்ற வெட்டு முழுக்கத் தள்ளியும் டைமிங் வரலன்னா, அட்வான்ஸ் யூனிட் ஷாஃப்ட்டோட டேப்பர்ல (கூம்பு மாதிரி சரிஞ்ச முனையில) இடம் மாறி உட்கார்ந்திருக்கு. நடு போல்ட்டைக் கழட்டி, யூனிட்டை விடுவிச்சு, பிளேட்டை வெட்டோட நடுவுல வெச்சு, பல்பு எரியற இடத்துல கேமை நிறுத்தி மறுபடியும் டைட் பண்ணணும். சுத்தியலால அடிச்சு விடுவிக்காதீங்க, ஷாஃப்ட் வளையும்.

கவர் எல்லாம் மாட்டி, பிரைமரி எண்ணெயை ஊத்தி, ரோட்டுல ஒரு டெஸ்ட். மேடான ரோட்டுல மூணாவது கியர், நாப்பது கிலோமீட்டர் வேகம், பாதி ஆக்சிலேட்டர். உள்ள இருந்து சில்லறை குலுக்கற மாதிரி சத்தம் வந்தா இன்னும் அட்வான்ஸ்தான், ரெண்டு டிகிரி குறைங்க. சத்தமே இல்லாம இழுவையும் இல்ல, சைலன்சர் பெண்ட் பைப் சீக்கிரம் நீலமாகுது, ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குதுன்னா ரிடார்ட் பக்கம் சாய்ஞ்சிருக்கலாம். ஆனா வெடிப்புக்குக் கார்புரேட்டரும் பைப் லீக்கும் காரணமா இருக்கும். டைமிங்கைத் திருப்பி அதைச் சரி பண்ணப் பார்க்காதீங்க.

புதுப் பாயிண்ட் போட்டிருந்தா 500 கிலோமீட்டர்ல மூடியைத் திறந்து கேப்பை ஒருவாட்டி பாருங்க. குதிகால் படிஞ்சு உட்காரும், கண்டிப்பா கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ஃபீலர் கேஜை டூல் பாக்ஸ்லயே போட்டு வெச்சுடுங்க.