'கான்' என்ற பெயரில் ஏன் ஃபோல்டர் வைக்க முடியாது?

[திரையில்: விண்டோஸ் டெஸ்க்டாப்பில் ஒரு புது ஃபோல்டர்]

வணக்கம். ஒரு புது ஃபோல்டருக்கு சி, ஓ, என் என்ற மூன்று எழுத்தில் 'கான்' என்று பெயர் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் ஏற்காது. இதை ஓர் இந்தியர்தான் கண்டுபிடித்தார், பில் கேட்ஸுக்கே காரணம் தெரியவில்லை என்று ஒரு ஈமெயில் நம் ஊரில் ரொம்ப நாள் சுற்றியது. காரணம் நன்றாகவே தெரியும். விண்டோஸுக்கு முன்பிருந்த, கட்டளைகளை அடித்து இயக்கும் டாஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் கம்ப்யூட்டர் கற்றவர்களின் விரல்களுக்குக்கூடத் தெரியும்.

[திரையில்: கறுப்புத் திரை, கர்சர்]

டாஸில் ஒரு சின்ன ஃபைல் எழுத எடிட்டர் திறக்க வேண்டியதில்லை. 'காப்பி கான்' என்று அடித்து, ஃபைல் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினால் கர்சர் அடுத்த வரியில் போய் நிற்கும். எழுத ஆரம்பிக்கலாம். ஒரு வரி முடித்து என்டர் தட்டிவிட்டால் மேலே போய்த் திருத்த வழியில்லை. அதனால் ஒவ்வொரு வரியையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் என்டர். கடைசியில் எஃப்6, இன்னொரு என்டர். ஒரு ஃபைல் காப்பி ஆனது என்று பதில் வரும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது தானாக ஓடும் கட்டளைகள் கொண்ட ஆட்டோஎக்ஸெக் ஃபைலைப் பலர் இப்படித்தான் எழுதினார்கள்.

கான் என்பது கன்சோல், அதாவது கீபோர்டும் திரையும். கீபோர்டில் அடிப்பதை இந்த ஃபைலுக்குக் காப்பி செய் என்பதுதான் அந்தக் கட்டளை. திருப்பிப் போட்டு, ஃபைலைக் கானுக்குக் காப்பி செய்தால் எழுத்துகள் திரையில் ஓடும். கான் இருக்கும் இடத்தில் 'பிஆர்என்' என்று போட்டால் பிரிண்டர் கடகடவென்று அச்சடிக்கும். ஒரே கட்டளை! அந்தக் கறுப்புத் திரைமேல் எனக்கு இன்னும் இருக்கும் பிரியத்துக்கு இதுதான் பெரிய காரணம். மெஷினின் பாகங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது.

சரி, அந்தப் பெயர் ஃபோல்டருக்கு ஏன் ஆகாது?

[திரையில்: ஐபிஎம் பிசி, ஃப்ளாப்பி]

1980-இல் சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன், கேரி கில்டாலின் சிபி/எம் என்ற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஒட்டி 86-டாஸ் எழுதினார். மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் டாஸ் அதுதான். ஃப்ளாப்பியில் 160 கிலோபைட்தான் கொள்ளும். அதற்குள் ஃபோல்டர் எதற்கு? எல்லா ஃபைலும் ஒரே இடத்தில் கிடந்தன. அங்கே நாலைந்து பெயர்களைச் சாதனங்களுக்கு ஒதுக்கியதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

1983-இல் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கோடு ஐபிஎம் எக்ஸ்டி வந்தது. கூடவே டாஸ் 2.0, அதில் முதல் முறையாக டைரக்டரிகள், அதாவது இன்றைய ஃபோல்டர்கள். பழைய புரோகிராம்களுக்கு டைரக்டரி என்றால் என்னவென்றே தெரியாது. அவை எங்கிருந்து 'பிஆர்என்' என்று கேட்டாலும் பிரிண்டர் கிடைத்தாக வேண்டும். யூனிக்ஸ் என்ற இன்னொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் சாதனங்களுக்கென்று தனி டைரக்டரி உண்டு. டாஸிலோ அவை எல்லா டைரக்டரியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். பெயருக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் சேர்த்தும் தப்ப முடியாது. சில புரோகிராம்கள் தாமாகவே ஒன்றை ஒட்டிவிடும், அப்போதும் அது பிரிண்டருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

இதைக் கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கிய புரோகிராம் புது டாஸில் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை அது. விண்டோஸும் அதைக் கைவிடவில்லை. நிஜக் கோளாறு விண்டோஸ் 95, 98-இல் இருந்தது: கானுக்குள் கான் என்று ஒரு பாதையைத் திறந்தால் மெஷினே நீலத் திரையோடு விழுந்துவிடும். 2000-இல்தான் சரிசெய்தார்கள்.

அப்புறம் அந்த எஃப்6. அது அனுப்புவது கன்ட்ரோல்-இசட். சிபி/எம் ஒரு ஃபைலின் நீளத்தை 128 பைட் துண்டுகளாகத்தான் கணக்கு வைத்திருந்தது. கடைசித் துண்டில் எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட அந்த அடையாளம் தேவைப்பட்டது. டாஸ் அதையும் வாங்கிக்கொண்டது.

[திரையில்: அசெம்ப்ளி நிரல்]

எம்எஸ்-டாஸ் 1.25-இன் மூல நிரலை 2014-இல் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் வெளியிட்டது. 2018-இல் அது நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கும் வந்தது. அசெம்ப்ளி தெரியாவிட்டாலும் திறந்து தேடிப் பாருங்கள்: பிஆர்என், நல், ஆக்ஸ், கான் என்று அந்தப் பெயர்கள் வரிசையாக அதில் இருக்கின்றன.